தண்டனையாக விளையாட்டைப் பறிக்காதீர்கள்

"எழுதி முடிக்கலைன்னா விளையாட விடமாட்டேன்." சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளைகள் பள்ளியிலும் வீட்டிலும் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. கடலூர், புதுச்சேரிப் பக்கம் இந்தப் பிள்ளைகளுக்கு விளையாட்டு வழியாகவே பழக்கும் பொழுதுபோக்குச் சிகிச்சை தருகிறேன். தயவுசெய்து இந்தத் தண்டனையை விட்டுவிடுங்கள். துறுதுறுவென்று இருக்கும், கவனம் நிலைக்காத பிள்ளையை விளையாட்டு பீரியடிலும் பெஞ்சில் உட்காரவைத்தால், அடுத்த பாடத்தில் அவனுக்கு இன்னும் கஷ்டம். எழுத்து வராததற்குச் சோம்பலும் காரணம் இல்லை. வகுப்பில் தினமும் தோற்கும் பிள்ளைக்கு, ஜெயிக்கக் கிடைக்கும் ஒரே இடம் மைதானமாக இருக்கலாம்.

"விளையாட வைக்கிறதுக்கா தெரபி?" என்று பெற்றோர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். பொழுதுபோக்குச் சிகிச்சையில், பிள்ளைக்கு எது பிடிக்கிறது, எங்கே தடுமாறுகிறான் என்று முதலில் பார்ப்போம். அப்புறம் சின்னதாக ஓர் இலக்கு: தன் முறை வரும்வரை காத்திருப்பது, பயன்படுத்தாத கையையும் நீட்டுவது, "எனக்கும் குடு" என்று கேட்பது. அதற்குத் தோதான விளையாட்டைத் தேர்ந்து ஆடவைத்து, மாற்றத்தைக் குறித்துக்கொண்டே வருவோம். மாற்றம் தெரியவில்லையா, வேறு விளையாட்டுக்குப் போவோம்.

விலை உயர்ந்த சாமான் எதுவும் வேண்டாம். பல்லாங்குழியையே எடுத்துக்கொள்ளுங்கள். பதினான்கு குழிகள். சோழியை விரல் நுனியால் எடுக்கும்போது பென்சில் பிடிக்கும் விரல்களுக்கு வேலை. குழிக்கு ஒன்றாகப் போடும்போது எண்ணிக்கை கைக்கு வருகிறது. எதிராளி ஆடும்வரை பொறுமையும் வேண்டும். பார்வை இல்லாத பிள்ளையும் தடவிப் பார்த்தே ஆடலாம். கையில் கிடைத்ததை வாயில் போடும் பிள்ளைக்கு மட்டும் சோழி, புளியங்கொட்டை வேண்டாம்.

ஆட்டிசம் உள்ள ஒரு பையன் மணலில் கால் வைக்கவே மாட்டான். வீட்டார் கடலூர் சில்வர் பீச்சுக்குப் போனால், யாராவது ஒருவர் அவனோடு வீட்டில் தங்கிவிடுவார்கள். அவனை இழுத்துக்கொண்டுபோய் மணலில் நிறுத்தவில்லை. ஒரு தட்டில் மணலைக் கரைபோல் குவித்து, குச்சியை ஒளித்து, அது இருக்கும் இடத்தைக் கோத்த கைகளால் பொத்திக் கண்டுபிடிக்கும் கிச்சு கிச்சு தாம்பாளம் ஆடினோம். முதலில் வேடிக்கை மட்டும் பார்த்தான். அப்புறம் ஒரு விரலால் தொட்டான், உடனே துடைத்துக்கொண்டான். துடைக்க ஈரத்துணியை அவன் பக்கத்திலேயே வைத்தோம். எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம் என்று புரிந்த பிறகுதான் இரண்டு கைகளையும் கோத்து மணல்மேல் பொத்தினான். மாதக்கணக்கில் ஆனது. இப்போது கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து எல்லோரும் சேர்ந்தே பீச்சுக்குப் போகிறார்கள்.

சக்கர நாற்காலி மணலில் புதையும். அதில் வரும் பிள்ளைகளுக்குப் புதுச்சேரி கடற்கரைச் சாலை நல்லது. மாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவதால் தடையில்லாமல் போகலாம். பெருமூளை வாதம் (மூளைப் பாதிப்பால் உடல் அசைவு கட்டுப்படாத நிலை) உள்ளவர்களுக்குப் போச்சியா என்றொரு பந்து விளையாட்டு உண்டு, 1984 முதல் பாராலிம்பிக்கில் இருக்கிறது. பந்தை வீச முடியாதவர்கள் சரிவுப் பலகையில் உருட்டிவிடலாம். பாதியாக அறுத்த பிவிசி குழாயை வைத்து வீட்டிலேயே பழக்கலாம்.

சில எச்சரிக்கைகளும் உண்டு. வலிப்பு வரும் பிள்ளையைத் தண்ணீர்ப் பக்கம் ஒரு நொடிகூடத் தனியாக விடக்கூடாது. டோபிரமேட் போன்ற சில வலிப்பு மாத்திரைகள் வியர்வையைக் குறைத்துவிடும். நம் ஊர் மே மாத வெயிலில் உடம்பு சட்டென்று சூடாகும். காலையிலோ பொழுது சாய்ந்தோ ஆடட்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தின் மேல்மூட்டு தளர்வாக இருக்கும். குட்டிக்கரணம், டிராம்போலின் எல்லாம் டாக்டரைக் கேட்ட பிறகுதான்.

எனக்கு அதிகம் கவலை தருவது பதினெட்டு வயதுக்கு மேல் வரும் நாட்கள். பள்ளி முடிந்ததும் பலருக்கு டிவியும் செல்போனும்தான் துணை. பொழுதை எப்படிக் கழிப்பது என்று யாரும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். பல் துலக்கப் பழக்குவதுபோல் இதையும் சின்ன வயதிலேயே பழக்க வேண்டும். இரண்டு பொருளைக் காட்டி "எது வேணும்?" என்று கேட்பதில் தொடங்குங்கள். பேச்சு வராவிட்டால் கண் போகும் திசையே பதில். நமக்குப் பிடிக்காததை அவன் கேட்டாலும் சரி, அதையே கொடுங்கள்.

பள்ளியில் கேட்கத் தயங்காதீர்கள். அரசு நிதி பெறும் அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகள், இந்தப் பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்குச் சமமாக விளையாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் வாய்ப்பு தர வேண்டும் என்கிறது, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 16ஆம் பிரிவு. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மார்க்கைப் பற்றிக் கேட்கும்போதே, விளையாட்டு பீரியடில் என் பிள்ளை எங்கே இருக்கிறான், யாரோடு ஆடுகிறான் என்றும் கேளுங்கள். ஓரமாக உட்கார்ந்திருக்கிறான் என்று பதில் வந்தால், அவனுக்குப் பிடித்த ஒரு விளையாட்டின் பெயரைச் சொல்லி, அதில் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.