ரூட்டரைத் திட்டும் முன் சிபியுவின் முதுகைப் பாருங்கள்

"போன்ல சிக்னல் ஃபுல்லா இருக்கு, கம்ப்யூட்டர்ல மட்டும் நெட் சுத்திக்கிட்டே இருக்கு." சர்வீஸ் வேலையில் இருக்கும் எல்லாருக்கும் இது மனப்பாடம். இதைச் சொல்பவர் அதற்குள் நெட் கம்பெனியிடம் இரண்டு புகார் கொடுத்திருப்பார், பிளானை 200 எம்பிபிஎஸ்ஸுக்கு ஏற்றியிருப்பார். சிலர் புது ரூட்டரே வாங்கியிருப்பார்கள். கேபினெட்டைத் திருப்பினால், வைஃபை உள்ள மதர்போர்டின் பின்பக்கம் தங்க நிறத்தில் இரண்டு திருகுமுனைகள் மொட்டையாக நிற்கும். அதில் மாட்ட வேண்டிய ஆன்டெனா, மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டிக்குள் உறைகூடப் பிரிக்காமல் பரண்மேல் கிடக்கும்.

அசெம்பிள் செய்து கொடுத்தவர்கள் மாட்டியிருக்க வேண்டும். மாட்டவில்லை என்றால் நீங்களாவது கேளுங்கள். ஆன்டெனா இல்லாவிட்டாலும் அருகிலுள்ள வைஃபையின் பெயர் பட்டியலில் வரும், கனெக்ட்கூட ஆகும். ஏமாறுவது இங்கேதான்.

"ஒரே ரூம்தானே, போனுக்கு வருவது இதற்கு வராதா?" வராது. போன் உங்கள் கையில், மூன்றடி உயரத்தில், திறந்த வெளியில் இருக்கிறது. கம்ப்யூட்டரோ மேசைக்கு அடியில் தரையில், முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஆன்டெனாவுக்கும் ரூட்டருக்கும் நடுவே ஒரு முழு இரும்புப் பெட்டி. சந்தேகம் இருந்தால் போனைக் கேபினெட்டின் பின்னால் தரையில் வைத்து, ஸ்பீட் டெஸ்ட் ஓடவிடுங்கள். அந்த இடத்தில் உண்மையில் கிடைப்பது என்ன என்று தெரியும். கையில் வைத்துப் பார்த்த கணக்கு கம்ப்யூட்டருக்குச் செல்லாது.

அடுத்த தலைவலி, யுஎஸ்பியில் செருகும் நகக்கண் அளவு வைஃபை அடாப்டர், அதாவது நானோ டாங்கிள். அட்டையில் 150 எம்பிபிஎஸ் என்றிருக்கும். அது வைஃபை சேனலின் 40 மெகாஹெர்ட்ஸ் அகலம் முழுசாகக் கிடைத்தால் வரும் காகித வேகம். பத்து வீட்டு ரூட்டர்கள் மோதும் அபார்ட்மென்டில் பெரும்பாலும் 20 மெகாஹெர்ட்ஸ்தான், அப்போது உச்சமே 72. கையில் கிடைப்பது அதில் பாதி. இதில் 200 பிளான் எப்படித் தெரியும்? ரூட்டரில் '5ஜி' என்று முடியும் பெயர் இந்த டாங்கிளில் தெரியாது. இது 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே பிடிக்கும். (அந்த 5ஜி என்பது 5 கிகாஹெர்ட்ஸ்; அதற்கும் மொபைல் 5ஜிக்கும் எந்த உறவும் இல்லை, தயவுசெய்து!)

வாங்குவதென்றால் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு பேண்டும் பிடிக்கும், ஆன்டெனா நீட்டிய டாங்கிளாக வாங்குங்கள். அதைப் பின்பக்கம் செருகி மறந்துவிடாதீர்கள். ஒரு மீட்டர் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் போட்டு மேசைமேல் கொண்டுவாருங்கள். யுஎஸ்பி 3.0 போர்ட்டில் ஓடும் ஹார்டு டிஸ்க் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலேயே இரைச்சல் கிளப்பும். 2012இலேயே இன்டெல் இதை அளந்து எழுதிவிட்டது. டாங்கிளை அதன் பக்கத்திலேயே செருகினால் வைஃபை விட்டுவிட்டுத்தான் வரும்.

அடாப்டரை இயக்கும் மென்பொருளான டிரைவர் விஷயத்தில் ஒரு வேண்டுகோள். 'டிரைவர் அப்டேட்டர்' என்று தேடி, கண்டதை இறக்காதீர்கள். கம்ப்யூட்டரில் இன்னும் நெட் இல்லையே என்றால் போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போடுங்கள், போனின் நெட் கம்ப்யூட்டருக்கு வரும். தயாரிப்பாளர் தளத்திலிருந்து மாடல் எண்ணும் வெர்ஷன் எண்ணும் பார்த்து எடுங்கள். சில டாங்கிள்கள் முதலில் சிடி டிரைவ் போலத் தோன்றும், டிரைவர் அதற்குள்ளேயே இருக்கும்.

டாங்கிளுக்குப் பதில் கேபினெட்டுக்குள் பிசிஐ எக்ஸ்பிரஸ் வைஃபை கார்டு போடுகிறவர்கள், எஸ்எம்பிஎஸ் எனும் பவர் சப்ளை பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கை வையுங்கள். கார்டோடு வரும் 9 பின் வயரை மதர்போர்டின் யுஎஸ்பி முனையில் செருகாவிட்டால் வைஃபை வரும், புளூடூத் வராது. பழைய லேப்டாப்பில் கழற்றிய இன்டெல் ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 கார்டுகள் ஏஎம்டி பிராசஸருக்கான மதர்போர்டில் வேலை செய்யாது. ஏஎக்ஸ்210 செய்யும்.

பாஸ்வேர்டு சரியாக இருந்தும் பழைய அடாப்டர் இணைய மறுத்தால், ரூட்டரின் வைஃபை பாதுகாப்பு முறையில் புதிய டபிள்யூபிஏ3 மட்டும் இருக்கிறதா பாருங்கள். டபிள்யூபிஏ2-வும் சேர்ந்த கலப்பு முறைக்கு மாற்றுங்கள்.

இத்தனைக்கும் மேல் ஒன்று. மேசையை விட்டு நகராத கம்ப்யூட்டர், அதே ஹாலில் ரூட்டர் என்றால் வைஃபை எதற்கு? ஒரு கேட்6 நெட்வொர்க் கேபிள் இழுங்கள். இழுத்தபின் விண்டோஸில் லிங்க் வேகம் 1000 எம்பிபிஎஸ் (ஒரு கிகாபிட்) காட்ட வேண்டும். ரூட்டர் போர்ட் கிகாபிட்டாக இருந்தும் 100 என்று நின்றால், பெரும்பாலும் கேபிளின் எட்டு வயரில் ஏதோ ஒன்று கிரிம்ப்பில் (முனையை அடித்துப் பொருத்திய இடத்தில்) பிடிக்கவில்லை. முனையை வெட்டி மறுபடி அடிக்கச் சொல்லுங்கள்.