கட்டிலில் கட்டும் பாரத்தைக் கல்லடிப் பாலத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா வலது முழங்காலைத் தாங்கியபடி எங்கள் இயன்மருத்துவ (பிசியோதெரபி) கிளினிக்குக்கு வந்து உட்கார்ந்தார். கையில் ஒரு துணிப்பை. அதற்குள் பழைய டெனிம் காற்சட்டையை வெட்டித் தைத்த இரண்டு நீளப் பைகள், ஓரத்தில் கட்டுவதற்கு நாடா, உள்ளே கடற்கரை மணல். காலில் கட்டிக்கொண்டு நடப்பதற்காக வீட்டிலேயே செய்திருக்கிறார்.

"ஒரு கிலோதான் மகள், அளந்துதான் போட்டேன்" என்றார்.

மேசைத் தராசில் வைத்துப் பார்த்தோம். ஒரு பை 1 கிலோ 850 கிராம், மற்றது 1 கிலோ 700 கிராம். அவர் பொய் சொல்லவில்லை. ஒரு கிலோ சீனி பிடிக்கும் டின்னால் அளந்திருக்கிறார். சீனியை விட மணல் கனமானது, ஈர மணல் இன்னும் கனமானது. அந்த டின்னை மணலால் நிரப்பினால் இரண்டு கிலோவுக்குக் கிட்ட வந்துவிடும். ஏறக்குறைய இரு மடங்கு பாரத்தை, இரண்டு காலிலும் வேறு வேறு அளவில் கட்டிக்கொண்டு, ஆறு வாரங்களாக நாளுக்கு நாற்பது நிமிடம் நடந்திருக்கிறார். முழங்கால் சிரட்டையைச் சுற்றி வீக்கம். மாடிப்படி இறங்க முடியவில்லை.

இந்த மாதத்தில் இப்படி வந்தவர்களில் அவர் ஐந்தாவது ஆள். அதனால்தான் எழுதுகிறேன். மட்டக்களப்பில் கல்லடியிலும் நாவலடிக் கடற்கரையிலும் காந்தி பூங்கா ஓரத்திலும் காலை நடைக்கு வருகிறவர்களின் கால்களை இப்போது கவனித்துப் பார்க்கிறேன். 2013இல் புதிய பாலம் திறந்த பிறகு பழைய கல்லடிப் பாலத்தில் நடப்பது இலகுவாகிவிட்டது. நடக்கிறவர்கள் கூடியிருக்கிறார்கள், அது மிக நல்ல செய்தி. ஆனால் மூன்று நான்கு பேராகப் பேசிக்கொண்டு போகும் குழுக்களில் ஒருவர் காலிலாவது எடைப்பட்டி கட்டியிருக்கிறது. ஒருவர் கட்டினால் அடுத்த வாரம் மற்றவரும் கட்டுகிறார்.

என்னை மிகவும் வருத்துகிற விஷயம் இதுதான். "ஏன் கட்டினீர்கள்?" என்று கேட்டால் பாதிப் பேர் சொல்லும் பதில்: "நீங்கள்தானே கட்டுகிறீர்கள். என் அண்ணனுக்கு முழங்கால் வலிக்கு வந்தபோது இங்கேதான் மணல்பை கட்டினீர்கள்."

ஆம், கட்டினோம். எப்படிக் கட்டினோம் என்பதைத் தயவுசெய்து பொறுமையாகப் படியுங்கள். உயரமான கட்டிலின் விளிம்பில் அவரை உட்கார வைத்தோம். தொடை முழுவதையும் கட்டில் தாங்கியிருந்தது. பாதம் தரையைத் தொடவில்லை. முதல் சில நாட்கள் பாரமே கட்டாமல் காலை நீட்டச் சொன்னோம். அதைச் சிரமமில்லாமல் செய்த பிறகு அரைக் கிலோ கட்டினோம். மெதுவாக நீட்டி, ஐந்து எண்ணும் வரை பிடித்து, மெதுவாக இறக்க வேண்டும். பத்து முறை, பிறகு ஓய்வு. இன்னொரு பத்து, ஓய்வு, இன்னொரு பத்து. மொத்தம் முப்பது. பக்கத்தில் ஒருவர் நின்று, முழங்கால் சூடாகிறதா, வீங்குகிறதா, முகம் சுளிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பையைக் கழற்றி அலுமாரியில் வைத்துவிட்டோம். அவர் வீட்டுக்குப் போகும்போது காலில் எதுவும் இருக்கவில்லை.

இப்போது பாலத்துக்கு வாருங்கள். நிமிடத்துக்கு நூறு காலடி என்று வைத்தால் நாற்பது நிமிடத்தில் நாலாயிரம் காலடி. ஒரு காலுக்கு இரண்டாயிரம். கட்டிலில் முப்பது முறை மெதுவாகத் தூக்கிய காலை, பாலத்தில் இரண்டாயிரம் முறை வீசி எறிகிறீர்கள். ஒவ்வொரு முறையும் அந்தப் பை முழங்காலைக் கீழே இழுக்கிறது. இடுப்பின் முன்பக்கத் தசை அதை மேலே இழுக்கிறது. குதிகால் வழமையை விட வேகமாகத் தரையில் அடிக்கிறது. கொஞ்ச நேரத்தில் தசை களைத்துவிடும். தசை களைத்த பிறகு பாரத்தைச் சுமப்பது மூட்டு. கட்டிலில் நாங்கள் மூட்டைக் காப்பாற்றிக்கொண்டு தசைக்கு வேலை கொடுத்தோம். நீங்கள் தசையைக் களைக்கவைத்து மூட்டை வேலைக்கு அனுப்புகிறீர்கள். பை ஒன்றுதான், நடப்பது வேறு.

பாரம் எவ்வளவு என்பதை விட எங்கே தொங்குகிறது என்பது முக்கியம். ஒரு வாளித் தண்ணீரை உடம்போடு அணைத்துத் தூக்குங்கள், பிறகு கையை நீட்டித் தூக்கிப் பாருங்கள். கணுக்கால், நீட்டிய கை போன்றது.

அடுத்த பதில்: "தொடைச் சதையும் வயிறும் கரையும் என்று சொன்னார்கள்." பாரம் கட்டிய இடத்தில் கொழுப்பு கரையாது. உடம்பு கொழுப்பை எங்கிருந்து எடுப்பது என்பதை நாடாவைப் பார்த்துத் தீர்மானிப்பதில்லை. சரி, மொத்தமாகவாவது கூடுதல் சக்தி செலவாகுமே என்றால், கணுக்காலில் ஒரு கிலோ அளவில் கட்டி நடக்கும்போது செலவு ஐந்து முதல் பத்து சதவீதம்தான் கூடுகிறது. நாற்பது நிமிட நடையில் ஏறக்குறைய 150 கலோரி செலவாகிறது என்றால், அதற்காக நீங்கள் முழங்காலைப் பணயம் வைத்துச் சம்பாதிப்பது அதிகபட்சம் பதினைந்து கலோரி. தேநீரில் ஒரு தேக்கரண்டி சீனியைக் குறைத்தால் அதே கணக்கு வந்துவிடும். மூட்டு வலியுள்ள பருமனானவர்களை அளந்து பார்த்த ஆய்வொன்று, உடலில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் நான்கு கிலோ பாரம் குறைவதாகக் காட்டியது. எடையைக் குறைக்க வந்தவர் எடையைக் கட்டிக்கொண்டு நடப்பதைப் பார்க்கும்போது எனக்கு எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

அந்த அம்மாவாவது வலியோடு வந்தார். வலியில்லாமல் வந்த ஓர் ஐயாதான் என்னைப் பயப்பட வைத்தார். பதினைந்து வருட நீரிழிவு. வந்தது தோள்பட்டை இறுக்கத்துக்கு. எடைப்பட்டி கட்டி நடப்பதாகப் பேச்சுவாக்கில் சொன்னார். காலைக் காட்டச் சொன்னேன். காலுறையைக் கழற்றும்போது அது குதிகாலுக்கு மேலே தோலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பட்டியின் விளிம்பு உராய்ந்த இடத்தில் ஐந்து சத நாணயம் அளவில் புண், சுற்றிவரச் சிவப்பு. "இது எப்போது வந்தது?" என்று அவர் என்னைக் கேட்டார். அவருக்குத் தெரியவே இல்லை, ஏனென்றால் அந்தக் காலில் உணர்ச்சி குறைந்துவிட்டது. உடனே வைத்தியரிடம் அனுப்பினோம், ஆறிவிட்டது. இரண்டு வாரம் கழித்து வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நீரிழிவுக் கிளினிக்குக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கால் மரத்துப் போகிறவர்கள், பாதம் எரிகிறவர்கள், நரம்பு சுருண்டு புடைத்தவர்கள் கணுக்காலில் எதையும் இறுக்கிக் கட்டவே கூடாது. விவாதத்துக்கு இடமில்லை.

பிள்ளைகளுக்கு வேறு கதை. கல்முனைப் பக்கத்திலிருந்து ஒரு மாணவன் வந்தான், உதைபந்தாட்டம் ஆடுகிறவன், உடல் எடை 52 கிலோ. பாடசாலைப் பையில் இரண்டு செங்கல்லும் தண்ணீர்ப் போத்தல்களும் போட்டு, பதினொரு கிலோவை முதுகில் மாட்டிக்கொண்டு உலர்ந்த மணலில் ஓடியிருக்கிறான். மூன்றாவது வாரத்தில் இடது கை விரல்கள் மரத்துவிட்டன, சப்பாத்து நாடா கட்ட முடியவில்லை. தோள்பட்டி கழுத்தெலும்புப் பக்கத்தில் நரம்பை அழுத்தியிருக்கிறது. பையைக் கீழே வைத்த பிறகு மெல்ல மெல்லச் சரியானது. "இராணுவத்தில் இப்படித்தானே ஓடுகிறார்கள்" என்றான். தம்பி, அவர்கள் முதுகில் மாட்டும் பைக்கு இடுப்புப் பட்டி இருக்கிறது, மாதக்கணக்கில் படிப்படியாக ஏற்றுகிறார்கள், அப்படியும் அவர்களுக்கே இந்த நரம்புப் பாதிப்பு வருகிறது. அதோடு, தளர்ந்த மணலில் நடப்பதற்கே கெட்டித் தரையை விட இரு மடங்குக்கு மேல் சக்தி செலவாகிறது. நம்முடைய கடற்கரை ஏற்கெனவே உன் காலில் பாரம் கட்டிவிட்டது. அதற்கு மேல் செங்கல் எதற்கு?

மார்பில் அணியும் எடை அங்கி பற்றியும் கேட்கிறார்கள். கணுக்கால் பட்டியை விட அது நல்லது. பாரம் உடம்பின் நடுவோடு ஒட்டியிருக்கிறது. ஆனால் அதை எலும்புத் தேய்வுக்கு மருந்து என்று விற்பதைப் பார்க்கிறேன். 2025இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பருமனான முதியவர்கள் 150 பேர் ஓராண்டு உணவைக் குறைத்து எடையைக் குறைத்தார்கள். ஒரு பகுதியினர் அதோடு நிறுத்திக்கொண்டார்கள், இன்னொரு பகுதியினர் கூடவே அங்கி அணிந்தார்கள், மூன்றாவது பகுதியினர் பாரம் தூக்கும் பயிற்சி செய்தார்கள். இடுப்பெலும்பின் அடர்த்தி மூன்று பகுதியினருக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிக் குறைந்தது. இதற்கு முன் 2000இல் வெளியான சிறிய ஆய்வொன்றில், மாதவிடாய் நின்ற பெண்கள் ஐந்து ஆண்டுகள் அங்கியோடு பயிற்சி செய்து இடுப்பெலும்பைக் காப்பாற்றிக்கொண்டார்கள். அவர்கள் அங்கியோடு குதித்தார்கள். பேசிக்கொண்டு உலாவவில்லை. முதுகெலும்பு ஏற்கெனவே நொறுங்கியவர்கள், கூன் விழத் தொடங்கியவர்கள் இந்தக் குதிப்பை நினைத்தும் பார்க்க வேண்டாம், அங்கியும் வேண்டாம்.

ஆரோக்கியமானவர் அணியலாம். உடல் எடையில் நூற்றுக்கு ஐந்தில் தொடங்குங்கள்: 60 கிலோ உள்ளவர் 3 கிலோ. பத்து நிமிடம், வாரத்தில் இரண்டு நாள். நூற்றுக்குப் பத்தைத் தாண்டாதீர்கள். மூச்சு முட்டும்படி இறுக்காதீர்கள். சித்திரை வெயிலில் மாலை நான்கரைக்கு அதை அணிந்து நடக்காதீர்கள். நம்முடைய புழுக்கத்தில் வியர்வை உலராது, மார்பை மூடினால் உடம்புச் சூடு வெளியேற வழியில்லை. நோன்பு காலத்தில், நோன்பு திறப்பதற்கு முந்திய நேரத்தில், தண்ணீர் இல்லாத உடம்போடு வேண்டவே வேண்டாம். இருதய நோயுள்ளவர்களும் பிரஷர் கட்டுப்படாதவர்களும் கையில் டம்பெல்லை இறுக்கிப் பிடித்து வீசி நடக்காதீர்கள். இறுக்கிப் பிடிப்பதே அழுத்தத்தை ஏற்றும்.

பெண்களிடம் ஒன்றைத் தனியாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இதை யாரும் முதல் நாளில் சொல்வதில்லை. இருமும்போது, தும்மும்போது சிறுநீர் கசிகிறதா? கீழே ஏதோ இறங்குவது போன்ற கனம் இருக்கிறதா? அண்மையில் குழந்தை பெற்றவரா, வயிற்றில் அறுவைச் சிகிச்சை நடந்தவரா? அப்படியென்றால் உடம்பில் பாரம் ஏற்றி நடப்பது நிலைமையை இன்னும் மோசமாக்கலாம். இதற்குப் பயிற்சி இருக்கிறது, பலருக்குக் குணமாகிறது. மற்றவர்கள் முன்னால் சொல்ல வேண்டியதில்லை. தனியாகப் பேச வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள், கதவைச் சாத்திவிட்டுப் பேசலாம்.

கால் பலமாக வேண்டும் என்ற ஆசையில் தவறே இல்லை. பிளாஸ்டிக் கதிரை அல்லாத உறுதியான கதிரையில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து உட்காருங்கள், பத்து முறை. உங்கள் முழு உடம்பும் அங்கே பாரம்தான், காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். வாரத்தில் இரண்டு நாள் போதும். நடையில் கஷ்டம் கூட்ட வேண்டுமென்றால் இன்னும் வேகமாக நடவுங்கள். பேச முடிகிற, ஆனால் பாட முடியாத வேகம். கடற்கரையில் என்றால் அலை நனைத்த கெட்டி மணலில், சப்பாத்தோடு.

அந்த அம்மாவுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். முதல் நாள் ஆறு முறைதான் எழுந்து உட்கார முடிந்தது. மணல்பைகளைப் பக்கத்து வீட்டுத் தங்கச்சி கேட்டிருக்கிறாவாம், கொடுக்கலாமா என்று கேட்டார். கிளினிக் வாசலிலேயே தையலைப் பிரித்துக் கொட்டவைத்தேன்.

நீங்களும் கட்டி நடந்து இப்போது முழங்காலிலோ இடுப்பிலோ முதுகின் அடியிலோ வலி இருந்தால், இன்றே கழற்றுங்கள். நடையை நிறுத்த வேண்டாம், பாரத்தை நிறுத்தினால் போதும். இரண்டு வாரத்தில் குறையாவிட்டாலோ, மூட்டு வீங்கினாலோ, கால் மரத்தாலோ உங்களுக்குப் பக்கத்திலுள்ள வைத்தியசாலையின் இயன்மருத்துவப் பிரிவுக்குப் போங்கள். போகும்போது அந்தப் பையையும் கையோடு கொண்டுபோங்கள். நிறுத்துப் பார்க்க வேண்டும்.