வீட்டுக்கு அடியில் பிளவு ஓடுகிறதா? ஜப்பான் அரசு சொல்வதும் தருவதும்

ஜப்பானின் அவாஜி தீவில் உள்ள ஹொகுதான் நினைவுப் பூங்காவில், ஒரு பெரிய கூடத்துக்குள் நொஜிமா நிலப்பிளவை, அதாவது பாறை அறுந்து இருபுறமும் நகரும் கோட்டை, 140 மீட்டர் நீளத்துக்கு அப்படியே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். நேராக வரும் வேலிச்செடி வரிசை ஓரிடத்தில் அறுபட்டு, மறுபாதி ஒரு மீட்டருக்கும் மேல் வலப்புறம் விலகி நிற்கிறது. 1995 ஜனவரி 17 அன்று அதிகாலை 5.46 மணிக்கு நிகழ்ந்த விலகல் அது. கோபே நகரையும் அவாஜியையும் உலுக்கிய அந்த 7.3 அளவு நிலநடுக்கத்தில் 6,434 பேர் இறந்தார்கள்.

அந்தப் பிளவு ஆய்வாளர்களுக்கு முன்பே தெரிந்த ஒன்று. மக்களோ, தங்கள் பகுதியில் பெரிய நிலநடுக்கம் வராது என்று நம்பியிருந்தார்கள். ஆய்வாளர் கையில் இருந்த தகவல் குடியிருப்பவர் கைக்கு வந்து சேரவில்லை. அதே ஆண்டு நிறைவேறிய நிலநடுக்கப் பேரிடர் தடுப்புச் சிறப்புச் சட்டம் இந்தக் குறையைத்தான் குறிவைத்தது. அதன்படி அமைந்த நிலநடுக்க ஆய்வு ஊக்குவிப்புத் தலைமையகம், நாட்டின் பிளவுகளை ஆராய்ந்து முடிவுகளைப் பொதுமக்களுக்கு வெளியிடும் பொறுப்பை ஏற்றிருக்கிறது.

ஜப்பானியத் தீவுகளில் அறியப்பட்ட உயிர்ப்புள்ள பிளவுகள், அதாவது இனியும் நகரக்கூடியவை, சுமார் 2,000. அவற்றில் ஏறத்தாழ 20 கிலோமீட்டரும் அதற்கு மேலும் நீண்டு, 7 அளவில் நிலநடுக்கத்தை உண்டாக்கக்கூடியவை முதன்மைப் பிளவுகள். அப்படி 110-க்கும் மேற்பட்ட பிளவு மண்டலங்களைத் தலைமையகம் ஒவ்வொன்றாக மதிப்பிட்டிருக்கிறது.

மதிப்பீட்டில் பெரும் பங்கு பள்ளம் தோண்டும் வேலைக்கு உண்டு. பிளவுக்குக் குறுக்கே நீளமாக வெட்டிய பள்ளத்தின் சுவரில் மண் அடுக்குகள் தெளிவாகத் தெரியும். கீழடுக்குகள் பிளவால் அறுந்து ஏறியோ இறங்கியோ இருக்கும். அதற்கு மேலே ஓர் அடுக்கு அறுபடாமல் விரிந்திருக்கும். கடைசி நிலநடுக்கம் இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்தது என்று பொருள். மண்ணில் சிக்கிய கரித்துண்டு, மரத்துண்டு ஆகியவற்றின் வயதைக் கரிமக் கணக்கில் அளந்தால் காலவரம்பு கிடைக்கிறது. இப்படிப் பல நிகழ்வுகளைக் கண்டுபிடித்தால் சராசரி இடைவெளியும் புலப்படும். கடலடியில் அல்லாமல் நிலப்பகுதியில் உள்ள பிளவுகளில் அது ஆயிரம் ஆண்டுகளிலிருந்து பல்லாயிரம் ஆண்டுகள் வரை போகும்.

இதிலிருந்துதான் அடுத்த 30 ஆண்டுகளுக்கான வாய்ப்பைக் கணக்கிடுகிறார்கள். அது 3 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் எஸ் வகை, 0.1 முதல் 3 சதவீதத்துக்குள் ஏ வகை, 0.1 சதவீதத்துக்குக் கீழே இசட் வகை. கணக்கிடவே போதிய தகவல் இல்லாதது எக்ஸ் வகை.

இந்த எண்களைப் படிப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். 1995 நிலநடுக்கத்துக்குச் சற்று முன்பு நொஜிமா பிளவை இதே முறையில் மதிப்பிட்டிருந்தால் 0.02 முதல் 8 சதவீதம் என்றுதான் வந்திருக்கும் என்று தலைமையகமே கணக்கிட்டுச் சொல்கிறது. கியூஷு தீவின் குமமோத்தோவை 2016 ஏப்ரல் 16 அன்று 7.3 அளவில் குலுக்கிய ஃபுதகாவா பிளவுக்கு முன்கூட்டித் தந்திருந்த எண், கிட்டத்தட்ட 0 முதல் 0.9 சதவீதம். ஒரு சதவீதம்கூட இல்லை என்று நிம்மதியடையக் கூடாது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு ஒருமுறை நகரும் நிலப்பகுதிப் பிளவுக்கு 0.9 என்பதே எச்சரிக்கை. எக்ஸ் வகையைப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்வது அதைவிடப் பெரிய பிழை.

ஜப்பானில் குடியிருந்தால், உங்கள் வீட்டு நிலவரத்தைப் பார்க்கக் கட்டணம் இல்லை. தேசியப் புவி அறிவியல், பேரிடர்த் தாங்குதிறன் ஆய்வு நிறுவனம் நடத்தும் ஜே-ஷிஸ் வரைபடத்தில், 250 மீட்டர் கட்டங்களாக, வலுவான அதிர்வுக்கான வாய்ப்பு பதிவாகியிருக்கிறது. பிளவுக்கோடு எந்தத் தெருவை ஒட்டிப் போகிறது என்று அறிய, நாட்டு நில அளவை நிறுவனத்தின் 1:25,000 பிளவு வரைபடத்தைப் பாருங்கள். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. பிளவிலிருந்து தள்ளி இருந்தாலும், மென்மையான மண்ணில் அதிர்வு பெருகும்.

பிளவுக்கு மேல் வீடு கட்டக் கூடாது என்று நாடு முழுவதற்குமான தடை எதுவும் இல்லை. ஷிகொகு தீவிலுள்ள தொகுஷிமா மாகாணம் மட்டும் 2012-இல் ஒரு விதி கொண்டுவந்தது. அந்த மாகாணத்தின் ஊடே ஓடும் மத்திய நிலப்பிளவுக் கோட்டின் மீது 40 மீட்டர் அகலப் பட்டையைக் குறித்து, அதற்குள் பள்ளி, மருத்துவமனை, ஆட்கள் கூடும் பெரிய கட்டடம், ஆபத்தான பொருள்களின் கிடங்கு ஆகியவற்றைப் புதிதாகக் கட்டுவோர் முதலில் பிளவை ஆராய்ந்து, நேர் மேலே கட்டுவதைத் தவிர்க்க வேண்டும் என்கிறது. தனி வீடுகளுக்கு இது பொருந்தாது. ஆனாலும் என் பார்வையில் இது துணிச்சலான, நியாயமான விதி. தானே ஓடித் தப்ப முடியாத குழந்தையையும் நோயாளியையும் அது முதலில் நினைத்திருக்கிறது.

1966 முதல் நடப்பில் இருக்கும் நிலநடுக்கக் காப்பீட்டுக்கு அரசு மறுகாப்பீடு தருகிறது, அதாவது காப்பீட்டு நிறுவனங்களின் சுமையில் ஒரு பங்கைத் தாங்குகிறது. அதைத் தனியாக வாங்க முடியாது. தீக் காப்பீட்டோடு சேர்த்துத்தான் எடுக்கலாம். தீக் காப்பீட்டுத் தொகையில் 30 முதல் 50 சதவீதத்துக்குள்தான் இதன் காப்பீட்டுத் தொகையை வைக்கலாம். உச்சவரம்பு, கட்டடத்துக்கு 5 கோடி யென், வீட்டுப் பொருள்களுக்கு 1 கோடி யென். வாடகைக்கு இருப்பவர்கள் பொருள்களுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

உயிரைக் காப்பது கட்டடத்தின் வலிமை. அதற்கு முதலில் பார்க்க வேண்டியது வீட்டின் வயது. 1981 ஜூன் 1-இல் புதிய கட்டட விதி நடைமுறைக்கு வந்தது. 2000-இல் மர வீடுகளுக்கு அது மேலும் இறுகியது. குமமோத்தோ நிலநடுக்கத்துக்குப் பின் மஷிகி ஊரில் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பகுதியில், 1981-க்கு முந்தைய மர வீடுகளில் 28.2 சதவீதம் இடிந்து விழுந்திருந்தன. 1981-க்கும் 2000-க்கும் இடைப்பட்டவற்றில் 8.7 சதவீதம். 2000-க்குப் பிந்தையவற்றில் 2.2 சதவீதம்.

அதனால்தான் பல நகராட்சிகள் 1981 ஜூன் 1-க்கு முந்தைய மர வீடுகளுக்கு இலவசமாகவோ குறைந்த செலவிலோ வலிமைப் பரிசோதனை செய்து, வலுப்படுத்தும் செலவிலும் ஒரு பங்கைத் தருகின்றன. பழைய வீடு வாங்குகிறவருக்கும் ஓர் உரிமை உண்டு: பரிசோதனை செய்திருந்தால் அதன் முடிவை ஒப்பந்தத்துக்கு முன் தரகு நிறுவனம் அவரிடம் சொல்லியாக வேண்டும். ஆனால் பரிசோதனை செய்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் விற்பவருக்கு இல்லை. எனவே கேட்டுப் பாருங்கள். செய்யவில்லை என்றால் அதையும் விலையில் கணக்குப் போடுங்கள்.

மானியத்துக்கான விண்ணப்பத்தைப் பெரும்பாலும் கட்டட ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே நகராட்சியில் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். வேலையைத் தொடங்கிவிட்டுப் போனால் பணம் கிடைக்காது. நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. ஒதுக்கீடு தீர்ந்தால் அந்த ஆண்டுக்கு விண்ணப்பம் நின்றுவிடும் என்பதால், வசந்த காலத்திலேயே நகராட்சிக் கட்டடப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.