தண்ணீர் நிரம்பினால் மட்டும் சதுப்புநிலம் ஆகிவிடாது

இங்கிலாந்தில் சரளைக்கல் வெட்டி முடித்த குழிகளைப் பறவைகளுக்கும் நாணலுக்கும் ஏற்ற நீர்நிலைகளாக மாற்றும் திட்டங்களில் சூழலியலாளராக வேலை செய்கிறேன். இந்தக் காப்பகங்களுக்கு வருபவர்கள் வியந்து சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "மனிதன் கைவிட்ட இடத்தை இயற்கை எப்படி மீட்டுக்கொண்டது, பாருங்கள்!" கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் நடந்தது வேறு.

பனியுகக் காலத்து ஆறுகள் படியவிட்ட சரளை, பள்ளத்தாக்குகளில் நிலத்தடி நீர்மட்டத்துக்கும் கீழே வரை கிடக்கிறது. அதனால் வெட்டும் காலம் முழுவதும் பம்புகள் நீரை இறைத்துக்கொண்டே இருக்கும். அவற்றை நிறுத்தியதும் ஊற்று ஏறிக் குழி தானாக நிரம்பும். இயற்கை இலவசமாகச் செய்து தருவது ஏறக்குறைய இவ்வளவுதான். அப்படியே விட்டால் மிஞ்சுவது செங்குத்துக் கரையும் ஆழமான குளிர்ந்த நீரும் கொண்ட ஒரு தொட்டி. மூழ்கி இரை தேடும் வாத்துகள் அதில் வந்து இறங்கலாம். மற்ற உயிர்களுக்கு அங்கே பெரிதாக வேலை இல்லை.

உயிர்கள் செழிப்பது ஓரத்தில். நாணல் வேரூன்றவும், தலையை மட்டும் அமிழ்த்தி மேயும் வாத்துகள் இரை எடுக்கவும், தட்டான்களின் இளம்புழுக்கள் வளரவும் ஓரடிக்கு உட்பட்ட ஆழமே ஏற்றது. கரையை 1:20 சரிவில் அமைத்தால் அந்த ஓரடி ஆழம் இருபதடி அகலத்துக்குப் பரவும். 1:1 சரிவில் வெட்டினால் ஓரடிதான். இந்தச் சரிவை அமைக்க மேல்மண்ணும் கழிவு மண்ணும் வேண்டும், தோண்டு இயந்திரங்களும் வேண்டும். இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது குழி உலர்ந்திருக்கும் நாட்களில் மட்டுமே. நீர் ஏறிய பிறகு கரையைத் திருத்தப் போனால் செலவு எங்கோ போய்விடும். ஆகவே காப்பகத்தின் தலையெழுத்து பறவைகள் வருவதற்கு வெகுமுன்பே, வரைபட மேசையில் முடிவாகிவிடுகிறது. சரளையைக் கழுவிய வண்டல் நீரைத் தேக்கும் மூலையைப் பலரும் கழிவுக் குட்டை என்று ஒதுக்குவார்கள். நான் முதலில் போய்ப் பார்ப்பது அதைத்தான். மென்மையான வண்டலும் குறைந்த ஆழமும் நாணலுக்கு அவ்வளவு பொருத்தம்.

இது புதிய அறிவு அல்ல. கென்ட் பகுதியின் செவனோக்ஸில் 1956 முதலே டாக்டர் ஜெஃப்ரி ஹாரிசன் சரளைக் குழியில் தீவுகள் அமைத்து, செடிகள் நட்டு, எந்த ஏற்பாட்டுக்கு எந்த வாத்து வருகிறது என்று சோதித்துப் பார்த்தார். நாட்டிங்ஹாம்ஷைரின் அட்டன்பரோ காப்பகத்தை 1966-இல் இயற்கை பற்றிய தொலைக்காட்சி நிகழ்ச்சிகளால் புகழ்பெற்ற டேவிட் அட்டன்பரோ திறந்துவைத்தார். கேம்பிரிட்ஜ்ஷைரின் ஊஸ் ஃபென்னில், ஒரு பக்கம் வெட்டு நடக்கும்போதே வெட்டி முடித்த பகுதிகள் ஒவ்வொன்றாக நாணல்காடாகி வருகின்றன. நாணலுக்குள் மறைந்து வாழும் கொக்கினமான பெருங்குருகுகள் அங்கே கூடு கட்டுகின்றன.

உருவாக்கிய பிறகும் இயற்கையிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்விட முடியாது. பட்டாணி உப்புக்கொத்தி என்னும் சிறு கரைப்பறவை பிரிட்டனில் முதன்முதலாகக் கூடு கட்டியது 1938-இல்; பிறகு அது பரவியதில் சரளைக் குழிகளுக்குப் பெரும்பங்கு உண்டு. அதற்கும் ஆலா என்னும் நீர்ப்பறவைகளுக்கும் கூடு கட்ட வேண்டியது புல் முளைக்காத வெற்றுச் சரளை. கவனிக்காமல் விட்டால் சில ஆண்டுகளிலேயே தீவு முழுவதும் வில்லோ மரக்கன்றுகள் எழுந்துவிடும். குளிர்காலத்தில் நாங்கள் ரம்பத்தோடு நிற்பதைப் பார்த்து "மரத்தை வெட்டுகிறார்களே" என்று கோபப்படுபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வருபவர்களிடம் சில வேண்டுகோள்கள். மீன்தொட்டியைக் காலிசெய்யும்போது அதிலுள்ள செடியையோ மீனையோ இங்கே கொட்டாதீர்கள். நியூசிலாந்து பிக்மிவீட் என்னும் நீர்ச்செடியின் சிறு துண்டு போதும், ஆழமற்ற கரை முழுவதையும் பாய்போல மூடிவிடும்; அதை முற்றாக ஒழிப்பது அநேகமாக முடியாத காரியம். 2014 முதல் இங்கிலாந்தில் அதன் விற்பனைக்கே தடை. கெண்டை மீன் அடிமண்ணைக் கிளறி நீரைக் கலக்கினால், வெளிச்சம் கிடைக்காமல் நீரடிச் செடிகள் அழியும். கூடு கட்டும் பருவத்தில் நாயைக் கயிற்றில் பிடித்து நடத்துங்கள். கோடையில் மேற்பரப்பு வெதுவெதுப்பாக இருக்கிறதே என்று நீந்த இறங்காதீர்கள். கொஞ்சம் கீழே நீர் மூச்சை அடைக்கும் அளவுக்குக் குளிர்ந்திருக்கும், செங்குத்துக் கரையில் ஏறி வர இடமும் கிடைக்காது.

உங்கள் வட்டாரத்தில் புதிய சரளைக் குழிக்கு விண்ணப்பம் வந்தால், சீரமைப்பு வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அழகான நீலநிறத்தை விட்டுவிட்டுக் குறுக்குவெட்டுப் படத்தில் கரைச் சரிவு என்னவென்று தேடுங்கள். அனுமதியோடு விதிக்கப்படும் பின்பராமரிப்புக் காலம் பொதுவாக 5 ஆண்டுகள். ஆறாவது ஆண்டில் வில்லோக்களை வெட்டப்போவது யார், அதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதைக் கருத்துக்கேட்புக் காலம் முடிவதற்குள் எழுத்தில் கேளுங்கள்.