ஈரம் எங்கிருந்து வருகிறது?

புத்தகத்தின் பக்கம் புரளாமல் ஒட்டிக்கொண்டால் விரல் நுனியை நாவில் தொட்டுக்கொள்கிறோம். லேசாக ஈரமான தோல், காய்ந்த தோலைவிட அதிகமாகப் பற்றும் என்பது கைக்குத் தெரிந்திருக்கிறது. உடலுறவின்போது எச்சிலைத் தடவிச் சமாளிக்க முயல்பவர்கள் ஏமாந்துபோவதும் இதனால்தான். எச்சிலில் பெரும்பகுதி தண்ணீர். அழுத்தம் பட்டதும் அது விலகி ஓடும், மிஞ்சியது சீக்கிரம் காய்ந்துவிடும், பிறகு தோல் தோலைப் பற்றி இழுக்கும்.

உராய்வைக் குறைக்கும் லூப்ரிகன்ட் ஜெல் ஒரு சொட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். எவ்வளவு அழுத்தினாலும் நடுவில் மெல்லிய படலம் ஒன்று நின்றுகொண்டே இருக்கும். நீர் சார்ந்த ஜெல்களில் பெரும்பாலும் தாவரங்களில் உள்ள செல்லுலோஸிலிருந்து உருவாக்கிய நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் கலந்திருக்கின்றன. அவை தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, இரண்டு பரப்புகளும் நேரடியாக உரசாதபடி தடுக்கின்றன.

உடலும் தன் போக்கில் இதையே செய்கிறது. யோனிச் சுவரில் ஈரத்தைச் சுரக்கும் சுரப்பிகள் கிடையாது. கிளர்ச்சி ஏற்படும்போது அந்தச் சுவரைச் சுற்றியுள்ள ரத்தக் குழாய்கள் விரிந்து ரத்தம் பெருகுகிறது. அந்த அழுத்தத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி திசுக்களின் ஊடே கசிந்து, உள்பரப்பில் சிறு துளிகளாக அரும்பிப் பின் ஒன்றுகூடிப் படலமாகிறது. வில்லியம் மாஸ்டர்ஸ், வர்ஜீனியா ஜான்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1960களில் இதை நேரில் கவனித்து, வியர்வை அரும்புவதைப் போல இருப்பதாக விவரித்தார்கள். கருப்பை வாயின் சளியும் வாசலருகே உள்ள சிறு சுரப்பிகளின் நீரும் இதில் கொஞ்சம் சேர்கின்றன.

ஆக, ஈரத்துக்கு ரத்த ஓட்டம் வேண்டும், சுவர் தடிப்பாகவும் நெகிழ்வாகவும் இருக்க ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் வேண்டும், எல்லாவற்றுக்கும் நேரம் வேண்டும். தாய்ப்பால் கொடுக்கும் மாதங்களில் ஈஸ்ட்ரோஜன் குறைந்திருக்கும். மாதவிடாய் நின்ற பிறகு அது நிரந்தரமாகவே குறைகிறது. ஒவ்வாமைக்கும் சளிக்கும் சாப்பிடும் சில மாத்திரைகள் மூக்கை மட்டும் உலர்த்துவதில்லை. மனச்சோர்வுக்கான சில மருந்துகளும் புற்றுநோய்ச் சிகிச்சைகளும் வறட்சியைக் கொண்டுவருகின்றன.

இவற்றில் எதுவும் அன்பின் அளவுகோல் அல்ல. "என் மேல் ஆசையே இல்லையா?" என்ற கேள்வி எத்தனை படுக்கையறைகளில் எத்தனை பெண்களை வீணாகக் குற்றவாளியாக நிறுத்தியிருக்கிறது! மனம் முழுக்க விரும்பினாலும் உடல் உலர்ந்திருக்கலாம். மனம் விரும்பாதபோதும் உடல் தன்னிச்சையாக ஈரமாகலாம். அதனால் ஈரத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்வதும் பெரும் பிழை. விருப்பத்தை வாயால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

வறட்சியோடு தொடர்ந்தால் மென்மையான உள்தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுகின்றன. எரிச்சல் வருகிறது. அடுத்த முறை அந்த எரிச்சலின் நினைவே இடுப்புத் தளத் தசைகளை இறுக்கிவிடும். இறுக்கம் வலியைக் கூட்டும், வலி பயத்தைக் கூட்டும். தொடக்கத்திலேயே நல்ல லூப்ரிகன்ட் இருந்தால் இந்தச் சுழலுக்குள் போக வேண்டியதில்லை. வலியை எதிர்பார்த்துக் காத்திருக்கும் உடலால் தொடுகையை ரசிக்க முடியாது. உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் வேலை முடிந்ததும்தான் நரம்புகள் இன்பத்தைக் கவனிக்கின்றன. குறை ஏதும் இல்லாதவர்களும் இன்பத்துக்காகவே இதைப் பயன்படுத்தலாம், தயக்கமே தேவையில்லை. ஆசனவாய் வழி உறவில் இது விருப்பத் தேர்வு அல்ல, கட்டாயம். அங்கே கிளர்ச்சிக்கு ஏற்ப ஈரம் கசியும் ஏற்பாடு இல்லை.

நீர் சார்ந்த வகை எளிதில் கழுவிப் போகும், ஆணுறைக்கும் பாதுகாப்பானது, ஆனால் உலரும். சிலிகான் வகை ஆவியாகாது, தோலுக்குள் இறங்காது, வெகுநேரம் நிற்கும். அதுவும் ஆணுறையைக் கெடுக்காது, சிலிகானால் ஆன பாலியல் கருவிகளின் பரப்பை மட்டும் கெடுக்கலாம்.

எண்ணெய் விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். லேடெக்ஸ் ஆணுறை என்பது இயற்கை ரப்பர். எண்ணெய் மூலக்கூறுகள் ரப்பர் சங்கிலிகளின் இடையே புகுந்து அவற்றை உப்பவைத்துத் தளர்த்திவிடும். காற்றடைத்து வெடிக்கும்வரை சோதித்த ஓர் ஆய்வு 1989இல் வெளியானது. கனிம எண்ணெய் பட்ட 60 விநாடிகளில் ஆணுறையின் வலு சுமார் 90 சதவீதம் குறைந்திருந்தது. பார்வைக்கு ஆணுறை அப்படியேதான் இருக்கும், அதுதான் ஆபத்து. பெட்ரோலியம் ஜெல்லி, எண்ணெய் கலந்த லோஷன் எல்லாமே இதில் அடங்கும்.

வழவழப்பான எல்லாமே திசுக்களுக்கு நல்லது என்று நினைப்பதும் தவறு. நம் ரத்தத்தில் கரைந்துள்ள பொருள்களின் செறிவு கிலோவுக்குச் சுமார் 290 மில்லி ஆஸ்மோல் (கரைந்த துகள்களின் எண்ணிக்கையைச் சொல்லும் அலகு). தண்ணீர் எப்போதும் செறிவு கூடிய பக்கத்துக்கே நகரும். கிளிசரினும் புரோப்பிலீன் கிளைக்காலும் மிகுதியாகச் சேர்த்த ஜெல்லைத் தடவினால், அது செல்களிலிருந்தே நீரை உறிஞ்சும். செல்கள் சுருங்கி உதிரும், கிருமிகளுக்கு வழி திறக்கும். ஈரம் தருவதற்காகத் தடவியதே உலர்த்துகிறது! ஜெல்லில் இந்தச் செறிவு 380ஐத் தாண்டாமலிருப்பது நல்லது, 1200ஐ எந்நிலையிலும் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2012இல் அறிவுறுத்தியது. சந்தையில் உள்ள பல ஜெல்கள் அந்த மேல் எல்லையையும் கடந்தவை. எனவே உட்பொருள் பட்டியலில் கிளிசரின் முன்வரிசையில் இருக்கும் பொருளைத் தவிர்ப்பது என் பரிந்துரை.

அமிலத்தன்மையையும் பார்க்க வேண்டும். யோனியில் வாழும் நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலத்தால் அதன் பிஎச் அளவை (அமிலத்தன்மையைக் காட்டும் எண், குறையக் குறைய அமிலம் அதிகம்) 3.8 முதல் 4.5 வரை வைத்திருக்கின்றன. யோனிக்கான ஜெல்லும் அதற்கு அருகே இருப்பது நல்லது. ஆசனவாய்க்கு 5.5 முதல் 7 வரை பொருந்தும். குழந்தைக்கு முயல்பவர்கள் விந்தணுக்களின் ஓட்டத்தைத் தடுக்காத வகையைக் கேட்டு வாங்க வேண்டும், சாதாரண ஜெல்கள் பல அதைத் தடுக்கின்றன. மரத்துப்போகச் செய்யும் மருந்து கலந்தவற்றை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். வலி ஒரு எச்சரிக்கை, அதை அணைத்துவிட்டால் காயம் ஆவதே தெரியாது. போதிய லூப்ரிகன்ட் இருந்தும் வலி தொடர்ந்தால் தொற்றோ, தசை இறுக்கமோ, எண்டோமெட்ரியோசிஸோ (கருப்பையின் உள்படலத்தைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) காரணமாக இருக்கலாம். மகப்பேறு மருத்துவரிடம் கூச்சமின்றிச் சொல்லிவிடுங்கள்.

நடுவில் ஜெல் பிசுபிசுக்கத் தொடங்கினால் மேலும் மேலும் பிழிய வேண்டியதில்லை. தண்ணீர்தான் போயிருக்கிறது, மூலக்கூறுச் சங்கிலிகள் அங்கேயே இருக்கின்றன. சுத்தமான தண்ணீரில் நனைத்த விரலால் தொட்டால் போதும், அந்தப் படலம் மறுபடி உயிர்பெறும்.