'ஆறு மாதத்தில் ஸ்பீச் தெரபிஸ்ட்' என்று பணம் கட்டும் முன்

போன வாரமும் ஒரு பெண் அப்பாவோடு, ஸ்பீச் தெரபிஸ்டான என்னிடம் வந்தார். ப்ளஸ் டூ முடித்ததும் 'ஆறு மாதத்தில் ஸ்பீச் தெரபிஸ்ட்' என்ற விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டிப் படித்திருக்கிறார். சான்றிதழில் முத்திரை, கையெழுத்து எல்லாம் இருக்கின்றன. ஆனால் அதை வைத்து இத்துறையினரைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு செய்ய முடியாது. பதிவில்லாமல் தொழில் செய்வது 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரியது. "எங்களுக்கு யாரும் சொல்லலையே மேடம்" என்றார் அப்பா. இதே பேச்சை எத்தனை பெற்றோரிடம் கேட்பது?

முறையான படிப்பு பி.ஏ.எஸ்.எல்.பி. என்ற பேச்சு, கேட்டல் துறைப் பட்டப்படிப்பு. இன்டர்ன்ஷிப்போடு சேர்த்து நான்கு ஆண்டுகள். டி.எச்.எல்.எஸ். என்ற ஓராண்டு டிப்ளமாவும் உண்டு. அது உதவியாளர் வேலைக்கான படிப்பு, தனியாக கிளினிக் போட அல்ல.

"பிள்ளைக்கு 'அம்மா', 'அப்பா' என்று பேசச் சொல்லித்தர எதற்கு நாலு வருஷம்?" என்று கேட்கிறார்கள். எனக்கு மிகவும் கோபம் வருவது இதற்குத்தான். பக்கவாதம் வந்தவர் வாயால் சாப்பிடலாமா என்று வார்டில் பார்ப்பது எங்கள் வேலை. ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்து, தொண்டையில் விரல் வைத்து, குரல்வளை மேலே ஏறுகிறதா என்று கவனிக்க வேண்டும். விழுங்கியபின் 'ஆ' சொல்லச் சொன்னால் குரல் ஈரமாகக் கொழகொழத்தால் எச்சரிக்கை. இருமலே வராமல் தண்ணீர் நுரையீரலுக்குப் போவதும் உண்டு. ஆறு மாதத்தில் இது கைவராது. வார்த்தையை இழந்தவர், திக்குபவர், குரல் கெட்டுப்போன ஆசிரியர், தலைசுற்றலோடு வருபவர், பிறந்த குழந்தையின் செவித்திறன் சோதனை எல்லாமே எங்களிடம்தான்.

காது கேளாதவருக்கு உள்காதில் பொருத்தும் கருவியான காக்ளியர் இம்ப்ளான்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை நடக்கிறது. அது முடிந்த மறுநாளே குழந்தை பேசிவிடாது. கருவியைக் குழந்தைக்கு ஏற்றபடி அமைக்கும் மேப்பிங் செய்ய வேண்டும், அப்புறம் வருடக்கணக்கில் பயிற்சி. சென்னையை விட்டுத் தள்ளிப் போகப் போக அதற்கு ஆள் கிடைப்பது கஷ்டம். ஊரிலேயே வேலை செய்ய விரும்பும் மாணவருக்கு இதைவிடப் பெரிய வாய்ப்பு எது?

ஆராய்ச்சியிலும் இடம் நிறைய இருக்கிறது. ஆங்கிலக் குழந்தைகளுக்கு உருவாக்கிய அட்டவணையை வைத்து, நம் குழந்தை எந்த வயதில் ழகரத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்ய முடியாது. தமிழுக்கான சோதனைகளைத் தமிழ் தெரிந்த மாணவர்கள்தான் உருவாக்க வேண்டும். மேலே படிக்க, 1965இல் தொடங்கிய மைசூரு அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் பக்கத்திலேயே இருக்கிறது. அமெரிக்காவில் ஆடியாலஜிஸ்ட், அதாவது செவித்திறன் நிபுணர், ஆக ஏயு.டி. என்ற முனைவர் நிலைப் படிப்பு தேவை. அந்த எண்ணம் இருந்தால் இப்போதே கணக்குப் போடுங்கள்.

பெற்றோரே, கல்லூரியின் பெயர் ஆர்.சி.ஐ. இணையதளப் பட்டியலில், நீங்கள் சேரும் ஆண்டுக்கு, அதே படிப்புக்கு இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். 'அப்ரூவல் வந்துவிடும்' என்றால் எழுந்து வந்துவிடுங்கள். கல்லூரி கிளினிக்கை நேரில் போய்ப் பாருங்கள். நோயாளிகள் வராத இடத்தில் பிள்ளை எதைக் கற்கும்? மாணவர்களே, இன்டர்ன்ஷிப்பில் செவித்திறனை அளக்கும் ஆடியோகிராம் அறையிலேயே உட்கார்ந்து நாளை ஓட்டாதீர்கள், தயவுசெய்து. ஐ.சி.யு. போஸ்டிங் நீங்களாகவே கேட்டு வாங்குங்கள்.