சிமென்ட் இல்லாத தூண் எப்படி நிற்கிறது?

ஏதென்ஸ் போய்வந்த வாசகி ஒருவர் படம் ஒன்றை அனுப்பிக் கேட்டிருந்தார்: "தரையில் ஒரு தூண் விழுந்து கிடக்கிறது. நறுக்கி வைத்த வாழைத்தண்டு மாதிரி வில்லை வில்லையாகச் சரிந்திருக்கிறது. இடையில் கலவை பூசிய அடையாளமே இல்லை. அப்படியென்றால் பக்கத்துத் தூண்கள் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன?"

பதில் ஒரு அரை மணி நேர நடையில் இருக்கிறது. படத்தில் உள்ள இடம் ஒலிம்பிய ஜீயஸ் கோயில். அங்கிருந்து ஹேட்ரியன் வளைவைக் கடந்து, அக்ரோபொலிஸ் குன்றின் தெற்கு அடிவாரத்தைச் சுற்றும் டையனிசியு அரியோபகிட்டு என்ற நடைபாதை வழியே போனால், பழைய சந்தைத் திடலான அகோராவின் ஓரத்தில் ஹெஃபைஸ்டஸ் கோயில் வரும். சுமார் 2 கிலோமீட்டர். இரண்டு கோயில்களுமே பென்டெலிக் பளிங்கு, பக்கத்துப் பென்டெலிகன் மலையில் வெட்டியது. இரண்டிலும் தூண்கள் உருளைக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செய்தவை.

ஜீயஸ் கோயிலின் கதை நீளம். கி.மு. 6ஆம் நூற்றாண்டில் தொடங்கி, பாதியில் நின்று, ரோமப் பேரரசர் ஹேட்ரியன் காலத்தில், கி.பி. 130களின் தொடக்கத்தில்தான் முடிந்தது. மொத்தம் 104 தூண்கள், ஒவ்வொன்றும் சுமார் 17 மீட்டர் உயரம். இன்று நிற்பவை 15. பதினாறாவதுதான் வாசகியின் படத்தில் இருப்பது. 1852இல் அடித்த புயலில் விழுந்தது.

காற்றுக்கா விழுந்தது என்று எனக்கும் ஆச்சரியம்தான். பேப்பரில் போட்டுப் பார்த்தேன். நூறு டன்னுக்கு மேல் எடையும் கிட்டத்தட்ட 2 மீட்டர் விட்டமும் உள்ள தூண். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகக் காற்று தள்ளினாலும், அதைக் கவிழ்க்கத் தேவையான விசையில் கால்பங்கைத் தாண்டாது. அடிப்பகுதி முழுசாக இருந்திருந்தால் அந்தத் தூண் விழுந்திருக்க வாய்ப்பில்லை. ஏற்கெனவே அதன் கால் பழுதாகியிருக்க வேண்டும், புயல் கடைசித் தள்ளு கொடுத்திருக்கிறது என்பதே என் முடிவு.

சரி, நிற்பவை எப்படி நிற்கின்றன? நிலநடுக்கம் அடிக்கடி வரும் நாடு அது. 1999 செப்டம்பரில் ஏதென்ஸை உலுக்கிய நடுக்கத்தின் அளவு சுமார் 6. கான்கிரீட் கட்டடங்கள் இடிந்து 143 பேர் இறந்தார்கள். இந்த அடுக்குத் தூண்கள் அசையாமல் இருக்கவில்லை, அசைந்தன. அசைந்ததால்தான் நின்றன.

வீட்டில் கேரம் காய் இருந்தால் பத்துப் பன்னிரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாருங்கள். ஸ்ட்ரைக்கரால் அடிக்காயைச் சுள்ளென்று அடித்தால் அது மட்டும் பறந்துபோகும். மேலே உள்ள அடுக்கு 'தொப்'பென்று நேராக இறங்கி உட்காரும். மேல்காய்கள் தம் நிலையை மாற்றிக்கொள்ள நேரம் வேண்டும், அடி அந்த நேரத்தைத் தரவில்லை. இது பள்ளிக்கூடத்தில் படித்த நிலைமம். தூணிலும் அதுவே நடக்கிறது, ஆனால் அது பாதிக்கதைதான்.

மீதிக்கதைக்கு காஸ் சிலிண்டர் வேண்டும். காலி சிலிண்டரைக் கொஞ்சமாகச் சாய்த்துக் கையை எடுத்தால், விளிம்பு மாறி விளிம்பு தட்டிக்கொண்டு 'டகடக'வென்று வேகமாக ஆடி அடங்கும். நிறையச் சாய்த்துவிட்டால் ஆட்டம் நிதானமாக இருக்கும். ஒரு பக்கம் போய்த் தயங்கி, பிறகுதான் திரும்பும். கவனித்தீர்களா? சாய்வு கூடக் கூட ஆட்டத்தின் காலம் நீள்கிறது. ஊஞ்சல் அப்படி இல்லை. ஊஞ்சலுக்குக் கிட்டத்தட்ட ஒரே தாளம்தான். அந்தத் தாளத்துக்கு ஏற்பத் தள்ளினால் சின்னக் குழந்தைகூடப் பெரியவரை உயரத்துக்கு ஆட்டிவிடும். கட்டடங்களை நிலநடுக்கம் சாய்ப்பதில் பெரும்பங்கு இந்த ஒத்ததிர்வுக்கு உண்டு.

அடுக்குத் தூணுக்கு நிலையான தாளம் கிடையாது. நிலம் அதன் தாளத்தைப் பிடித்துத் தள்ளத் தொடங்கியதும் தூண் கொஞ்சம் அதிகமாகச் சாய்கிறது. சாய்ந்ததும் தாளம் மாறிவிடுகிறது. அடுத்த தள்ளு தப்பான நேரத்தில் வந்து விழுகிறது. அது மட்டுமா? ஒவ்வொரு முறை விளிம்பு மாறித் தட்டும்போதும் ஆற்றல் கொஞ்சம் வீணாகிறது. சிலிண்டருக்கு அடிவிளிம்பு ஒன்றுதான். தூணில் எத்தனை உருளைகளோ அத்தனை மூட்டுகள். ஒவ்வொன்றும் தனியாகத் தட்டும், வழுக்கும், உராயும். நிலத்திலிருந்து ஏறிவரும் ஆற்றல் வழியெல்லாம் சிந்திக்கொண்டே போகிறது. இதை முதன்முதலாகப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அமெரிக்கப் பொறியாளர் ஜார்ஜ் ஹவுஸ்னர் 1963இல் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினார். 1960இல் சிலியில் வந்த பெரும் நிலநடுக்கத்தில், ஒல்லிக்கால் தண்ணீர்த் தொட்டிகள் சில விழாமல் நின்றுவிட்டன. அதிலிருந்து பிறந்த ஆராய்ச்சி அது. ஒரே வடிவமுள்ள இரண்டு பொருள்களில் சிறியதைவிடப் பெரியதைக் கவிழ்ப்பது கடினம் என்பது அதன் முடிவுகளில் ஒன்று. உள்ளங்கையில் பென்சிலை நட்டமாக நிறுத்திப் பாருங்கள், முடியாது. நீளமான ஒட்டடைக் குச்சியை நிறுத்திவிடலாம், ஏனென்றால் அது மெதுவாக விழும். நூறு மடங்கு உயரமான தூண் விழுவதற்குப் பத்து மடங்கு நேரம் எடுக்கும். நம் 17 மீட்டர் தூணுக்கு, சாய்வு கணிசமாக வளரவே ஒரு விநாடி போல ஆகும். ஏதென்ஸுக்குப் பக்கத்தில் வரும் நடுக்கங்களோ ஒரு விநாடிக்குள் பலமுறை திசை மாறுபவை. தூண் ஒரு பக்கம் சாய யோசிக்கும்முன் நிலம் மறுபக்கம் இழுத்துவிடுகிறது.

உயரத்தோடு அகலத்தையும் பார்க்க வேண்டும். ஜீயஸ் தூணின் விட்டம் உயரத்தில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு. ஆகவே ஈர்ப்பு முடுக்கத்தில் ஒன்பதில் ஒரு பங்கு அளவுக்கு நிலம் உலுக்கினாலே அது ஆடத் தொடங்கும். ஆடத் தொடங்குவதற்கும் விழுவதற்கும் இடையில் பெரிய தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தில்தான் இவ்வளவு நூற்றாண்டுகள் கடந்திருக்கின்றன.

உருளைகளுக்கு நடுவே ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. அக்ரோபொலிஸ் மேலுள்ள பார்த்தெனான் கோயிலின் தூண்களில் ஒவ்வொரு உருளையின் மையத்திலும் சதுரக் குழி வெட்டி, மரக்கட்டையைப் பொருத்தி, அதன் நடுவில் மர முளை ஒன்றை நிறுத்தினார்கள். மேலே ஏற்றும் கல் நடுவில் சரியாக உட்காருவதற்கு. தொடும் முகங்களின் விளிம்பைக் காற்று புகாதபடி இழைத்திருந்தார்கள். இரண்டாயிரம் ஆண்டு கழித்துத் திறந்தபோது மரம் அழுகாமல் இருந்தது. உத்தரக் கற்களைக் கோத்தது இரும்புக் கவ்வி, அதைச் சுற்றிக் காய்ச்சி ஊற்றிய ஈயம். ஈயம் இருந்தவரை துரு இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழுது பார்த்தவர்கள் ஈயப் போர்வை இல்லாமல் இரும்பை வைத்தார்கள். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும், பளிங்கு வெடித்தது. இப்போது டைட்டானியம் வைக்கிறார்கள்.

இதைச் சொன்னதும், "முன்னோர்கள் நிலநடுக்க அறிவியலை அன்றே கரைத்துக் குடித்தவர்கள்" என்று யாராவது கிளம்புவார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. பென்டெலிகன் மலையிலிருந்து பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் கல்லை இழுத்துவர வேண்டும். முழுத் தூணைவிட உருளைகளைக் கொண்டுவருவது எளிது. தாங்கும் திறன் அதன் துணைப்பலன். விழுந்தவற்றையும் எண்ண வேண்டும். ஒலிம்பியா ஊரில் இருந்த ஜீயஸ் கோயில் கி.பி. 6ஆம் நூற்றாண்டு நிலநடுக்கங்களில் சாய்ந்தது. அதன் உருளைகள் இன்றும் சரிந்த நிலையில் கிடக்கின்றன. ஏதென்ஸின் 104இல் காணாமல் போனவற்றில் பலவற்றைத் தூக்கிச் சென்றது மனிதர்கள்தான். 1759இல் ஒட்டோமன் ஆளுநர் ட்ஸிஸ்தராகிஸ், பள்ளிவாசல் கட்டச் சுண்ணாம்பு வேண்டி ஒரு தூணை உடைத்து எரித்தார் என்று ஊர்க்கதை உண்டு. தூணுக்கு அடியில் கொள்ளைநோய் அடைபட்டிருக்கிறது, அசைத்தால் வெளியே வரும் என்று மக்கள் அஞ்சினார்களாம். மூடநம்பிக்கையை நான் ஒருநாளும் ஆதரித்ததில்லை. ஆனாலும் அந்தப் பயம் சில தூண்களையாவது சூளையிலிருந்து காப்பாற்றியிருக்கும் என்று நினைக்கும்போது என் வாய் அடைத்துப்போகிறது.

நடை முடியும் இடத்தில் ஹெஃபைஸ்டஸ் கோயில். கி.மு. 5ஆம் நூற்றாண்டு, 34 தூண்கள், அத்தனையும் நிற்கின்றன. பல நூற்றாண்டுகள் தேவாலயமாகப் புழங்கியதால் யாரும் கல் பெயர்க்கவில்லை. தூண்கள் 6 மீட்டருக்குச் சற்றே குறைவு, ஆனால் தடிமன் விகிதம் அதிகம்.

இங்கே மேற்கூரையைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். கயிற்றுக்கு இப்பால் நின்றே ஒரு தூணின் வரிப்பள்ளத்தை மேலிருந்து கீழாகக் கண்ணால் வருடிக்கொண்டு வாருங்கள். இந்தப் பள்ளங்களைக் கல்லை அடுக்கி முடித்த பிறகுதான் செதுக்குவார்கள். ஆகவே அன்று ஒவ்வொரு பள்ளமும் உச்சி முதல் அடி வரை முறியாத ஒரே கோடு. இன்று சில மூட்டுகளில் அந்தக் கோடு இடறுகிறது. மேல் உருளை கொஞ்சம் ஒதுங்கி, கீழ் உருளையின் விளிம்பு மெல்லிய படியாக வெளியே தெரிகிறது. சிற்பி தவறவிட்டதல்ல அது. தூண் ஆடி, வழுக்கி, பழைய இடத்துக்கு முழுதாகத் திரும்பாமல் நின்ற இடம்.

இதே மாதிரி விலகல்களை அளந்து, கணினியில் தூணை ஆட்டிப் பார்த்து, 'இவ்வளவு விலக எப்படிப்பட்ட நடுக்கம் வந்திருக்க வேண்டும், எதற்கு மேல் வந்திருந்தால் விழுந்திருக்கும்' என்று பின்னோக்கிக் கணக்கிடுகிறார்கள். நிலநடுக்கத்தை அளக்கும் நவீனக் கருவிகளுக்கு வயது சுமார் நூற்றைம்பதுதான். இந்தத் தூண்கள் அதற்கு முந்தைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் சாட்சி. அக்ரோபொலிஸ் பாறையில் இப்போது முடுக்கமானிகளை, அதாவது நிலம் எவ்வளவு உலுக்குகிறது என்று அளக்கும் கருவிகளை, பொருத்தியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட வேலைக்குத் திறப்பு விழா கிடையாது, ரிப்பன் கிடையாது, அதனால் எந்த நாட்டிலும் பணம் கடைசியாகத்தான் வரும். என்னைக் கேட்டால் முதலில் வர வேண்டியது இதற்குத்தான். அடுத்த நடுக்கத்துக்குப் பிறகு அந்த மெல்லிய படி எத்தனை மில்லிமீட்டர் அகன்றது என்று சொல்ல, இன்றைய அளவு யாரிடமாவது இருக்க வேண்டும்.